குப்பையை நிறுக்கத் தராசு உண்டு

வன்னியம்பட்டி விலக்கில் பஸ் ஏறி வங்கி வேலைக்குப் போய்வருகிறவன் நான். எங்கள் கிளை ஒரு நாலு மாடி வணிகக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. மேலே துணிக்கடை, இன்ஷூரன்ஸ் ஆபீஸ், பல் ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் சென்டர். போன வருஷம் கட்டிடத்துக்காரர் பசுமைச் சான்றிதழ் ஒன்றுக்கு ஆசைப்பட்டார். அதற்கு முதல் படி 'வேஸ்ட் ஆடிட்', அதாவது குப்பைத் தணிக்கை. வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் கையில் அட்டையில் செருகிய படிவம். இன்னொருத்தர் கையில் எலக்ட்ரானிக் தராசு. வண்டி நிறுத்துகிற இடத்தில் நீலத் தார்ப்பாய் விரித்து, கட்டிடத்தின் ஒருநாள் குப்பை முழுவதையும் அதில் கொட்டச் சொன்னார்கள். கொட்டியாயிற்று. இனி பிரிக்க வேண்டும். காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, சோத்து மிச்சம் தனி, பல் ஆஸ்பத்திரிப் பஞ்சு தனி.

யாரு பிரிக்கிறது?

அங்கே யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்காமலே விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அட்டைக்காரர் நிமிர்ந்து அந்த அக்காவைப் பார்த்தார். அக்கா தார்ப்பாய் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். கையுறை இல்லை. வலதுகை ஆள்காட்டி விரலில் பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் பேண்டேஜ் துணி நெய்து வெளியூருக்கெல்லாம் அனுப்புகிற வட்டாரம் எங்களுடையது. அந்த விரலுக்கு அதில் அரை முழம் கிடைக்கவில்லை. "என்னக்கா ஆச்சு?" என்றேன். "பின்னு குத்திருச்சு சார், ஒங்க பேங்கு குப்பையிலதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

என் மேசையில் போன வாரம் வவுச்சரிலிருந்து பிடுங்கிப் போட்ட பின்னாகவும் அது இருக்கலாம்.

ரிசர்வ் வங்கி 1999-ல் 'கிளீன் நோட்' கொள்கையை அறிவித்தது. 2001 நவம்பரில், நோட்டுக்கட்டில் பின் அடிக்கக் கூடாது, காகிதப் பட்டை போட்டுத்தான் கட்ட வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவே போட்டது. பின் குத்தினால் நோட்டு கிழியும், ஆயுள் குறையும். நியாயம்தான். நோட்டின் உடம்பைக் காப்பாற்ற ஒரு உத்தரவு பிறந்தது. குப்பைத்தொட்டிக்குப் போகிற பின்னைப் பற்றி எங்கள் கிளைக்கு ஒரு வரி வந்ததில்லை. அது குத்துவது நோட்டை அல்லவே.

டீ குடிக்கிற நேரத்தில் அட்டைக்காரரிடம் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். நல்ல மனுஷர், மறைக்கவில்லை. பக்கம் பக்கமாகக் கட்டங்கள். ஈரக் குப்பை எத்தனை கிலோ, உலர் குப்பை எத்தனை கிலோ, அட்டைப்பெட்டி, டோனர் டப்பா, பல்பு, பாட்டரி. கழுவுகிற மருந்தின் பெயர் என்ன, எத்தனை லிட்டர், தண்ணீர் எவ்வளவு, வாசலில் கால்மிதி எத்தனை அடி நீளம். எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அக்காவுக்கும் ஒன்று இருந்தது: 'துப்புரவு: வெளி ஏஜென்சி மூலம்'. அதில் டிக் அடித்திருந்தார்கள். தீர்ந்தது கதை. குப்பைக்குக் கிலோ இருக்கிறது, அக்காவுக்கு டிக் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பசுமை என்றாலே முதலாளிகளின் பம்மாத்து என்று ஒதுக்கிவிடுகிற தோழர்கள் நம்மில் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நம் கோரிக்கையாக இருந்திருக்க வேண்டியதை அவர்கள் தங்கள் விளம்பரமாக்கிக் கொண்டார்கள் என்பதுதான் என் புகார். எங்கள் கட்டிடத்துக் கக்கூஸ் எப்படிக் கழுவப்பட்டது என்று பாருங்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் லேபிள் இல்லாத ஆசிட். சாக்கில் பிளீச்சிங் பவுடர். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் எதிரிப் படையைக் கொல்ல விட்டார்களே, அதே வாயு. ஜன்னல் இல்லாத, ஆறடிக்கு நாலடி அறைக்குள் அதைச் சுவாசிக்கிற பெண்ணுக்கு இது யாரும் சொல்லித் தராத வேதியியல். "தொண்டைக்குள்ள மொளகா அரைச்சு ஊத்துன மாதிரி இருக்கும் சார். வெளிய வந்து நின்னு இருமிட்டுப் போவேன்" என்பது அவருடைய ஆய்வறிக்கை. நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்லுகிறது. துப்புரவு வேலை செய்த பெண்களின் நுரையீரல் பல ஆண்டுகள் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தவர்களின் நுரையீரலைப் போலத் தேய்ந்திருந்தது. பீடி தொடாத பெண்கள் நம் தெருக்களில் இருமிச் சாவது எதனால் என்று நாம் எந்த மேடையிலாவது பேசியிருக்கிறோமா?

ஆகவே ஆசிட்டுக்குப் பதில் எலுமிச்சைப் புளிப்பு அமிலம், பிளீச்சிங்குக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு, வாசலில் நீளமான கால்மிதி போட்டு மண்ணை அங்கேயே நிறுத்துவது, பீய்ச்சி அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைப்பது என்கிற பசுமைத் துப்புரவு முறை யாருக்காவது முதலில் நன்மை செய்யும் என்றால் அது அக்காவுக்குத்தான். மேனேஜருக்கு அல்ல.

ஆனால் நடந்தது என்ன? ஆசிட் பாட்டில் போயிற்று, இலைப்படம் போட்ட பச்சை டப்பா வந்தது. பச்சைத் திரவத்தைத் தெளித்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிறகு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஆசிட் என்றால் ஊற்றிய உடனே கறை போய்விடும். நாலு மாடி, மாடிக்கு இரண்டு கக்கூஸ், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் கூட என்றால் எத்தனை நேரம்? அந்த நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காலை ஒன்பதரைக்குள் முடிக்க வேண்டும் என்பது அப்படியே இருந்தது. கூலியும் அப்படியே இருந்தது. ஒரு மாசம் கழித்து அக்கா தன் காசில் ஆசிட் வாங்கி மறைத்துவைத்து ஊற்றுவதைப் பார்த்தேன். சூப்பர்வைசர் பார்த்தால் அபராதமாம். பூமியைக் காப்பாற்றுகிற செலவு அவர் முதுகில் ஏறிவிட்டது.

பார்ப்பனியம் எப்போதும் வேலை செய்கிற விதம் இதுதான் என்று நினைக்கிறேன். சுத்தம் என்பது ஒருத்தருக்கு நிலை, இன்னொருத்தருக்கு வேலை. சுத்தமாக இருப்பவரும் சுத்தம் செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதே அதன் ஏற்பாடு. ஆடிப்பூரத் தேர் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்த மறுநாள் விடிகாலையில் நாலு ரத வீதியையும் ஒருமுறை நடந்து பாருங்கள். பக்தி எத்தனை டன் என்று தெரியும். அதை அள்ளுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதும் தெரியும். பசுமைச் சான்றிதழ் இந்த ஏற்பாட்டின் மேல் இலைப்படம் ஒட்டுகிறது. 'லீட்' என்கிற அமெரிக்கச் சான்றிதழ் முறையில் கழுவுகிற மருந்துக்குக் கொள்கை வேண்டும், தரை எவ்வளவு சுத்தம் என்பதற்கு மதிப்பெண் உண்டு, குப்பைத் தணிக்கைக்குத் தனி இடம் உண்டு, வேலையாளுக்குப் பயிற்சிகூட உண்டு. அமெரிக்காவில் எழுதிய படிவத்தில் சாதிக்குக் கட்டம் இல்லாததில் வியப்பில்லை. இங்கே கொண்டுவந்து நிரப்புகிறவர்களுக்கும் அந்தக் குறை தெரியவில்லை என்பதுதான் வியப்பு.

சட்டத்தின் கதைக்கு வருகிறேன். எங்கள் வங்கித் தொழிலில் இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலை செய்வது வெட்கம். ஆனாலும் நிறையப் பேருக்குத் தெரியாது.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-ல் வந்தது. அதன் கீழ் மத்திய அரசு 1976 டிசம்பர் 9-ல் ஓர் அறிவிக்கை போட்டது. மத்திய அரசின் வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் கட்டிடங்களில் பெருக்குதல், கழுவுதல், தூசி தட்டுதல், காவல் காத்தல் ஆகியவற்றுக்குக் காண்ட்ராக்டர் மூலம் ஆள் வைக்கக் கூடாது. வங்கிகளும் இதில் அடக்கம். இருபது வருஷம் இது ஏட்டில் கிடந்தது. ஏர் இந்தியாவின் கட்டிடங்களைப் பெருக்கியவர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்காடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காண்ட்ராக்டைத் தடைசெய்துவிட்டால் அந்த ஆட்கள் நேரடி ஊழியர்கள் ஆகிவிடுகிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. விளக்குமாறு பிடித்தவர்கள் வாங்கிய தீர்ப்பு அது! ஐந்து வருஷம்கூட நிற்கவில்லை. 2001 ஆகஸ்டு 30-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பையும் தள்ளி, 1976 அறிவிக்கையையும் செல்லாது என்றாக்கியது. இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்சில் தொடங்கப்பட்டதும் அதே 2001-ல்தான். தற்செயல்தான், ஆனாலும் என்னால் இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்றைய நிலை இன்னும் வெளிப்படையானது. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை விழுங்கிவிட்டது. நிறுவனத்தின் மையமான வேலைக்குக் காண்ட்ராக்ட் ஆள் கூடாது என்று அது பொதுவாகச் சொல்கிறது. பிறகு எவையெல்லாம் மையமான வேலை அல்ல என்று ஒரு பட்டியல் போடுகிறது. பட்டியலில் முதலாவதாக நிற்பது எது? துப்புரவு. பெருக்குதல், கழுவுதல், தூசி தட்டுதல், எல்லா வகைக் குப்பையையும் சேகரித்து அகற்றுதல். 1976-ல் காண்ட்ராக்டர் தொடக் கூடாது என்ற அதே சொற்கள்! துப்புரவுக்கென்றே நடத்தப்படும் நிறுவனத்துக்கு மட்டும் விலக்கு. கக்கூஸ் கழுவாமல் ஒரே ஒரு நாள் எங்கள் கிளையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், எது மையம் எது விளிம்பு என்று பதினோரு மணிக்குள் தெரிந்துவிடும்.

வங்கியில் முன்பு வேறொரு ஏணி இருந்தது. ஊழியர் ஒப்பந்தங்களில் பகுதிநேரத் துப்புரவாளருக்குச் சம்பளத்தைப் பின்னமாக வகுத்திருந்தார்கள். வாரத்துக்கு 6 மணி முதல் 13 மணி வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு. 13 முதல் 19 வரை அரை. 19 முதல் 29 வரை முக்கால். அதற்கு மேல்தான் முழுச் சம்பளம். மனுஷரைப் பின்னமாக்குகிற கணக்குதான், சந்தேகமில்லை. முழு எண்ணுக்குப் போகவிடாமல் மணி நேரத்தைக் குறைத்துக் காட்டத் தெரிந்த மேனேஜர்களைப் பற்றிப் பழைய ஆட்கள் கதை கதையாகச் சொல்லுவார்கள். ஆனாலும் அந்த மூன்றில் ஒரு பங்குக்குப் பஞ்சப்படி உண்டு, இன்கிரிமென்ட் உண்டு, சங்கச் சந்தா ரசீதில் பெயர் உண்டு. எங்கள் கிளையில் அப்படி இருந்த கடைசி ஆள் ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், வடை சாப்பிட்டோம். அந்த இடத்துக்கு மறுபடி ஆள் எடுக்கவில்லை. ஏஜென்சி வந்தது. பின்னத்திலிருந்து பூஜ்யம். நான் உட்பட யாரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

அரசு ஏடுகளில் ஒரு அட்டவணை உண்டு. மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பதை ஏ, பி, சி எனப் பிரிவு பிரிவாகப் போடுவார்கள். கடைசிப் பிரிவுக்கு வரும்போது 'துப்புரவாளர் நீங்கலாக' என்று எழுதி, துப்புரவாளருக்குத் தனி வரி போடுவார்கள். ஏன் தெரியுமா? அவர்களையும் சேர்த்தால் நம் எண்ணிக்கை ஊதிக் காட்டும். இடஒதுக்கீடு கேட்காமலே நிரம்பி வழிகிற ஒரே இலாகா அது. அடிப்பதற்கு வசதியாக நம்மை எண்ணத் தெரிந்தவர்கள், எண்ண வேண்டிய இடத்தில் டிக் அடிக்கிறார்கள். எண்ணினால் என்ன வரும் என்பது ரகசியமும் அல்ல. பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலையாட்களை மத்திய அரசே பதிவுசெய்து 2024-ல் வெளிவந்த கணக்கில், 38,000 பேரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டவர்கள். பட்டியல் சாதி மட்டும் 69 விழுக்காடு.

கட்டிடத்தின் அடியில் இருப்பதும் கட்டிடம்தான். 2019 நவம்பரில் சென்னை ராயப்பேட்டையில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்களில், உடன்பிறந்தவரைக் காப்பாற்றிய 25 வயது இளைஞர் தான் மேலே வரவில்லை. மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 1993-லும் வந்தாயிற்று, 2013-லும் வந்தாயிற்று. இறந்தால் 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. விலை ஏறியிருக்கிறது.

இனி நம்மைப் பற்றி. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்.

அக்கா அருந்ததியர். நானும் பட்டியல் சாதிதான், ஆனால் வேற தெரு. எங்கள் ஆத்தா வயக்காட்டில் நாள் முழுக்க அந்தத் தெருப் பெண்களோடு களை எடுப்பாள், தாகத்துக்கு அவர்கள் வீட்டுத் தண்ணியைக் குடிக்க மாட்டாள். 2009-ல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெருத் திண்ணைகளில் என்ன பேசினார்கள் என்பது என் காதில் இருக்கிறது. உட்பிரிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்டு 1-ல் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. சாதி இந்துக்கள் நம்மிடம் செய்வதை நாம் ஒரு படி கீழே இறக்கிச் செய்கிறோம். நான் அவரை அக்கா என்கிறேன், அவர் என்னைச் சார் என்கிறார். வேண்டாம் தம்பின்னே சொல்லுங்க என்று இரண்டு தடவை சொன்னேன். "பேங்குல வேல பாக்குறீங்க, அதெப்படி சார்" என்றார். மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. பழகிவிட்டது.

அன்றைக்குத் தார்ப்பாயில் நான் உட்காரவில்லை. கவுண்டரில் கூட்டம் நின்றது என்பது சாக்கு. மூன்று தலைமுறையாக முதுகு ஒடிந்து என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள், நான் ஏன் மறுபடி குப்பையில் கை வைக்க வேண்டும் என்ற கேள்வி உள்ளே இருந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே இன்றும் சொல்வேன். தப்பி வந்தவனிடம் திரும்பிப் போ என்று யாரும் சொல்ல முடியாது. 2014 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க அதிகாரிகள் விளக்குமாறோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களே, அந்தக் கூத்தில் சேர எனக்கு ஆசை இல்லை. ஆனால் மேனேஜர் மேசைக் குப்பையை மேனேஜர் பிரிக்கலாம். பல் டாக்டரின் பஞ்சைப் பல் டாக்டர் பிரிக்கலாம். என் பின்னை நான் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடலாம். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே குப்பையைப் போடுகிறவர்தான் மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லின. போடுகிறவர் பிரித்தால் தார்ப்பாயே தேவைப்படாது. அந்த விதியை மதிக்காத கட்டிடங்கள்தான் தணிக்கைக்கு ஆள் கூப்பிடுகின்றன.

1990 ஜூன் 15-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில், செஞ்சுரி சிட்டி என்ற பகுதியின் வானளாவிய அலுவலகக் கட்டிடங்களைக் கழுவியவர்கள் ஊர்வலம் போனார்கள். பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, காண்ட்ராக்டரிடம் போங்கள் என்பதே கட்டிட முதலாளிகளின் பதில். போலீஸ் அடித்து நொறுக்கியது. அந்த அடி டி.வி.யில் வந்து ஊரே பார்த்தது. அந்த ஆண்டிலேயே சங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. காண்ட்ராக்டரோடு மட்டும் மல்லுக்கட்டாமல் கட்டிடத்தின் வாசலை மறித்தது அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம். நம்மூரில் 2025 ஆகஸ்டில் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டிடத்தின் முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்ததும் அதே மாதிரிதான். அவர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். அந்தப் பதின்மூன்று நாளில் வங்கிச் சங்கங்கள் எத்தனை அங்கே போய் உட்கார்ந்தன என்று நான் என் சங்கத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

கிளைச் சங்கக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தணிக்கைப் படிவத்தில் துப்புரவு செய்கிறவரின் கூலி, வேலை நேரம், பி.எஃப், கையுறை, காயம், சாதி ஆகியவற்றுக்குக் கட்டம் வேண்டும். பசுமை மருந்துக்கு மாறினால் கூடுகிற நேரத்துக்குக் கூலி வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் பேச வேண்டியது கட்டிடத்துக்காரரிடம் அல்ல, கழுவுகிறவரிடம். எந்த மாடிக் குப்பை எப்படி என்று அவருக்குத்தான் தெரியும். அன்றைக்குப் பை பிரிக்கும் முன்பே, இது இன்ஷூரன்ஸ், இது துணிக்கடை என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. அவரே தணிக்கையாளர். அதற்கான கட்டணமும் அவருக்கே.

செயலாளர் வாசித்துப் பார்த்துவிட்டு, "காண்ட்ராக்டு ஆளு, நம்ம மெம்பரு இல்லியே தோழர்" என்றார். 'இதர' என்ற தலைப்பின் கீழ் கடைசியாகச் சேர்த்திருக்கிறார்கள். அக்காவிடம் சொன்னேன். "கையுறைய மட்டும் மொதல்ல கேளுங்க சார், மத்தது வாரப்ப வரட்டும்" என்றார்.

இதை வாசிக்கிற மாணவத் தோழர்களுக்கும் அலுவலகங்களில் இருக்கிற தோழர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் கல்லூரி, விடுதி, ஆபீஸ், நீங்கள் துணி எடுக்கிற கடை, ஏதாவது ஒரு கட்டிடம். அதைக் கழுவுகிறவர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார், எத்தனை மணிக்கு வருகிறார், எதை ஊற்றிக் கழுவுகிறார், கையில் என்ன போட்டிருக்கிறார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார். அவரிடமே கேட்டு, ஒரு தாளில் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். ஆள் பெயர் வேண்டாம், வேலை போய்விடும். கட்டிடத்தின் பெயர் கட்டாயம் வேண்டும்.